மெட்டி ஏன் இறுகியது?

கல்யாணத்தன்று பூட்டிய மெட்டி, பத்து வருஷம் விரலோடு விரலாகக் கிடந்தது. ஒரு நாள் அது விரலைக் கவ்வத் தொடங்கிற்று. “உடம்பு பூரித்திருக்கிறது, வேறென்ன?” என்றாள் நாத்தனார். தட்டானிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் போட்டுக் கொண்டாயிற்று. அடுத்த வருஷம் செருப்பு ஓர் அளவு ஏறியது. அதற்கும் அடுத்த வருஷம் மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று. ஊரிலிருந்து வந்த தங்கை பழைய ஆல்பத்தைப் புரட்டிக் கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, “அக்கா, உன் மூக்கும் தாடையும் இப்படியா இருந்தன?” என்று கேட்டாள்.

எதிர்வீட்டில் இருப்பவளுக்கு வயது இருபத்தெட்டு. மாதவிலக்கு நின்று எட்டு மாதமாகிறது. மாமியார் ஆவலோடு டாக்டரிடம் அழைத்துப் போனாள், கர்ப்பம் இல்லை. ஆனால் குழந்தையில்லாத மார்பில் பால் கசிகிறது. இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

மூன்றாவது வீட்டு அம்மாளுக்கு முகம் பூரணச் சந்திரன் மாதிரி ஆகிவிட்டது. வயிறு பெருத்திருக்கிறது, கை காலோ மெலிந்து கொண்டே போகிறது. லேசாக இடித்துக் கொண்டாலும் தோல் கன்றிவிடுகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து வந்திருக்கின்றன. “வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்” என்று வீட்டுக்காரர் உபதேசம் செய்கிறார்.

இந்த மூவரும் கற்பனைப் பாத்திரங்கள்தான். வியாதி கற்பனையல்ல. மூவரும் ஆளுக்கொரு டாக்டரிடம் போவார்கள்; ஒருத்தி மூட்டு வலிக்கு, ஒருத்தி குழந்தை வரத்துக்கு, ஒருத்தி சர்க்கரைக்கு. ஆனால் மூவருடைய கோளாறும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டிருக்கக் கூடும். அந்த இடம் மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் இருக்கிறது. கொண்டைக்கடலை அளவில், அரை கிராம் எடையில், மூளையிலிருந்து ஒரு காம்பில் தொங்கிக் கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது உட்கார்ந்திருக்கும் எலும்புப் பள்ளத்துக்குப் பழைய வைத்திய சாஸ்திரிகள் வைத்த பெயர் ‘துருக்கிச் சேணம்’. குதிரைச் சேணம் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர்.

கடலையளவுதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. தைராய்டு சுரப்பிக்கும் சினைப்பைக்கும் சிறுநீரகத்தின் மேல் குல்லாய் மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் இதுதான் உத்தரவு அனுப்புகிறது. குழந்தை வளர வேண்டுமா, தாய்க்குப் பால் சுரக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் சேதி போக வேண்டும். அந்தச் சேதிகள் எல்லாம் புரத இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு புரதத்தையும் தயாரிப்பதற்குத் தனித்தனி உயிரணுக்கள் உண்டு.

இவற்றில் ஏதாவது ஒரு வகை அணு கட்டுக்கடங்காமல் பெருகினால், அங்கே ஒரு கட்டி உண்டாகும். “கட்டி” என்றதும் பதற வேண்டாம். பிட்யூட்டரிக் கட்டிகளில் மிக மிகப் பெரும்பாலானவை உடம்பில் வேறிடத்துக்குப் பரவுவதே இல்லை. ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குச் சின்னஞ்சிறு கட்டி ஒன்று அங்கே இருக்கும். அவர் அதை அறியாமலே ஆயுள் முழுவதும் வாழ்ந்துவிடுவார். பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தால்தான், மேலே குறுக்காகப் போகும் பார்வை நரம்பை அது அழுத்தத் தொடங்குகிறது. அப்போது நேர் பார்வை நன்றாயிருக்கும். பக்கப் பார்வை போய்விடும். ஊசியில் நூல் கோத்துவிடுகிறவள், நிலைக்கதவில் தோளை இடித்துக் கொள்வாள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் நம் மூன்று வீட்டு அம்மாள்களின் கட்டிகளும் ஏறத்தாழ ஒன்று போலவே தெரியலாம். ஆனால் ஒருத்திக்கு வேண்டியது கத்தி. இன்னொருத்திக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு மாத்திரை. இதைப் பிரித்துச் சொல்லுவது அந்தக் கட்டி சுமந்திருக்கும் புரதம்தான். படத்துக்கு மட்டும் வைத்தியம் செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ரத்தத்தில் இந்தப் புரதங்கள் இருப்பது ஒரு கிராமின் கோடிக்கணக்கில் ஒரு பங்கு. அதை எப்படி அளப்பது? வழி கண்டவர் ஒரு பெண்மணி என்பதால், நாம் கொஞ்சம் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1921-ல் பிறந்தவர் ரோஸலின் யாலோ. பௌதிகம் படித்தார். மேற்படிப்புக்கு ஒரு பெண்ணை யார் சேர்த்துக் கொள்வார்கள்? ஒரு விஞ்ஞானியிடம் பகுதி நேரக் காரியதரிசி வேலை பார்த்தால் கொல்லைப்புற வழியாகவாவது வகுப்பில் நுழையலாம் என்று யோசனை சொன்னார்கள். அதற்காகச் சுருக்கெழுத்துப் படிக்கவும் போனார். அதற்குள் யுத்த காலம் வந்து ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். இல்லினாய் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலேறினார். அங்கே பொறியியல் கல்லூரியின் நானூறு பேரில் அவர் ஒருவரே பெண்.

பிறகு நியூயார்க்கில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் துடைப்பக் கட்டைகளும் வாளிகளும் வைத்திருந்த அறையை ஒழித்து ஆராய்ச்சிக் கூடம் ஆக்கிக் கொண்டார். டாக்டர் ஸாலமன் பெர்ஸன் கூட்டாளியாகச் சேர்ந்தார். இன்ஸுலின் ஊசி போட்டுக் கொள்கிறவர்களின் ரத்தம் அந்த இன்ஸுலினை அடையாளம் கண்டு பிடித்துக் கொள்ளும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்று இருவரும் எழுதினார்கள். பத்திரிகைகள் நம்பாமல் திருப்பி அனுப்பின. இவர்களோ அந்த எதிர்ப்பொருளையே தராசாக்கிவிட்டார்கள். ஒரு புரதத்தை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடுகிற பொருள் கையில் இருந்தால், எவ்வளவு பிடிபட்டது என்று அளந்துவிடலாம் அல்லவா? 1959-ல் முறை உருவாயிற்று. 1977-ல் யாலோவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பெர்ஸன் அதைக் காண இல்லை; 1972-லேயே காலமாகிவிட்டார். நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, பரிசுச் சொற்பொழிவில் எடுத்துக் காட்டினார். பேஷ்!

இந்தத் தராசு வந்த பிறகுதான், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற புரதம் மனிதருக்குத் தனியாக உண்டு என்பதே 1970-ஐ ஒட்டி உறுதியாயிற்று. அதுவரை, அந்த வேலையையும் வளர்ச்சி ஹார்மோனே செய்கிறது என்று நினைத்தவர்கள் பலர்.

இனி எதிர்வீட்டுப் பெண்ணிடம் வருவோம்.

அவளுக்குத் தேவை ஒரே ஒரு ரத்தச் சோதனை. புரோலாக்டின் அளவு, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு மில்லிலிட்டரில் சுமார் 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். 200, 250-க்கு மேல் ஏறியிருந்தால், அதைச் சுரக்கும் கட்டி இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்தக் கட்டிக்குத்தான், பெரிதாக இருந்தாலும்கூட, முதல் வைத்தியம் மாத்திரை. காபர்கோலின் என்ற மருந்து புரோலாக்டினை அடக்கிக் கட்டியையும் சுருக்குகிறது. பல பெண்களுக்கு மாதவிலக்கு திரும்புகிறது, குழந்தையும் பிறக்கிறது. (விலக்கு திரும்பும் முன்பே கர்ப்பம் தரிக்கலாம், டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.) சிறியதாக, நன்றாக எல்லை கட்டிய கட்டியென்றால் கைதேர்ந்த ஸர்ஜன் எடுத்துவிடுவதும் உண்டு.

ஆனால் எண் கொஞ்சம் ஏறியிருந்தால்? 40, 60, 80 என்று? இங்கேதான் அவசரப்படக் கூடாது. கர்ப்பம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தைராய்டு மந்தமானால் புரோலாக்டின் ஏறும். ஊசி கண்டு பயந்தாலும் ஏறும். வாந்திக்கும் வயிற்றெரிச்சலுக்கும் நம் வீடுகளில் மிட்டாய் மாதிரி விழுங்குகிறோமே, அந்த மாத்திரைகளில் பலவற்றில் டாம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது. இரண்டும் புரோலாக்டினை ஏற்றிவிடும். மனநோய் மருந்துகள் சிலவும் அப்படித்தான். மருந்துச் சீட்டை மட்டும் அல்ல, சீட்டில்லாமல் வாங்கி விழுங்கிய மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் எடுத்துப் போகச் சொல்வது என் வழக்கம். (மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், அது வேறு ஆபத்து.)

சிலருக்கு எண் ஏறியிருக்கும், உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. புரோலாக்டின் எதிர்ப்பொருளோடு ஒட்டிப் பெரிய பொதியாகி, வேலை ஒன்றும் செய்யாமல் ரத்தத்தில் மிதந்து கொண்டிருக்கும். தராசு அதையும் சேர்த்து நிறுத்துவிடுகிறது. பொதிகளை வீழ்படியச் செய்துவிட்டு மிச்சத்தை அளந்தால் உண்மை வெளிவரும். எண் ஏறியவர்களில் பத்துக்கு ஒருவர் இருவராவது இந்த ரகம். இதைப் பார்க்காமல் வருஷக் கணக்கில் மாத்திரை சாப்பிடுவது எத்தனை வீண்!

இதைவிட விபரீதமான சங்கதி ஒன்று உண்டு. படத்தில் கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. புரோலாக்டினோ 80-தான் காட்டுகிறது. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். இரண்டும் நேர் விரோதம்.

ஒன்று: கட்டி புரோலாக்டினைச் சுரக்கவே இல்லை. சுரப்பி தொங்கும் காம்பை நசுக்குகிறது. மூளையிலிருந்து வரும் கடிவாளம் தளர்கிறது. நல்ல அணுக்கள் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கின்றன. இது பார்வை நரம்பை அழுத்தினால் அறுவைச் சிகிச்சைதான் வழி.

மற்றொன்று: கட்டி புரோலாக்டினை வெள்ளமாகக் கொட்டுகிறது, தராசு திக்குமுக்காடித் தப்பாகக் காட்டுகிறது! எப்படி என்கிறீர்களா? கல்யாண வீட்டு வாசலை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் சந்தனம் கொடுக்கிறார், இன்னொருவர் கற்கண்டு கொடுக்கிறார். இரண்டையும் பெற்றவர்களை மட்டும் கணக்கெடுக்கிறார்கள். நூறு பேர் வந்தால் கணக்குச் சரியாக வரும். பதினாயிரம் பேர் ஒரேயடியாகப் புகுந்தால்? சந்தனம் ஒருவர் கைக்கும் கற்கண்டு வேறொருவர் கைக்கும் போய்த் தீர்ந்துவிடும். இரண்டும் கிடைத்தவர்கள் ஐம்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். “கூட்டமே இல்லை” என்று எழுதிவிட்டுப் போவார் கணக்கர். சோதனைச் சாலையில் புரோலாக்டினை இரண்டு எதிர்ப்பொருள்கள் இரு பக்கமும் பிடித்துத்தான் எண்ணுகின்றன. கூட்டம் மீறினால் அங்கேயும் இதே கூத்துதான்.

பரிகாரம் மிகச் சுலபம். ரத்தத்தின் நீரை நூறு மடங்கு தண்ணீராக்கி மறுபடி அளந்து, வந்ததை நூறால் பெருக்க வேண்டும். 80 என்றது சில ஆயிரங்களாக எழுந்து நிற்கும். மாத்திரையில் சுருங்கக் கூடிய கட்டிக்குக் கத்தி வைக்காமல் தப்பலாம். இப்போதைய கருவிகள் பல இந்த ஏமாற்றத்தைத் தாங்குகின்றன, எல்லாம் தாங்குவதில்லை. பெரிய கட்டி, சின்ன எண் என்றால், “நீர்த்துப் பார்த்தார்களா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்கப்பட்ட டாக்டர் கோபித்துக் கொண்டால் அது அவர் பாடு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூந்தல் வளரும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லுங்கள். சில கருவிகளின் கணக்கை அது குழப்பிவிடும்.

மெட்டி இறுகியவளுடைய கட்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. 1886-ல் பாரிஸில் பியேர் மாரி என்ற டாக்டர் இந்த வியாதிக்கு அக்ரோமெகாலி என்று பெயர் வைத்தார். அந்த ஹார்மோனை நேராக அளப்பதில் ஒரு தொல்லை: நாள் முழுவதும் அலையலையாக ஏறி இறங்கும். ஆகையால் அது ஈரலைத் தூண்டி உண்டாக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதத்தை அளக்கிறார்கள். அது நிதானமான சாட்சி. சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். நல்ல சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் உடனே தாழும். கட்டி தாழமாட்டேன் என்று அடம் பிடிக்கும். கெடுதல் என்னவென்றால், மாற்றம் அத்தனை மெள்ள வருவதால் தினமும் பார்க்கிற வீட்டார் கண்ணுக்குத் தெரிவதில்லை. வருஷங்கள் ஓடிவிடுகின்றன, அதற்குள் இருதயம், மூட்டு, சர்க்கரை எல்லாம் தாக்கப்படுகின்றன. பழைய போட்டோ இங்கே ஒரு வைத்தியக் கருவி!

மூன்றாம் வீட்டு அம்மாளின் கட்டி ஏ.சி.டி.எச். என்ற சிறு புரதத்தைச் சுரந்து, அட்ரினலை ஓயாமல் அடித்து வேலை வாங்குகிறது, கார்டிஸால் பெருகுகிறது. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க ஸர்ஜன், இப்படியிருந்த 23 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி 1912-ல் எழுதினார்; 1932-ல் காரணத்தை விளக்கினார். வியாதி அவர் பெயரையே பெற்றது. கண்டுபிடிக்க இரவு பதினோரு மணிக்கு ஒரு மாத்திரை கொடுத்து மறுநாள் காலையில் கார்டிஸாலை அளப்பது ஒரு முறை, நள்ளிரவு உமிழ்நீரைச் சோதிப்பது இன்னொரு முறை. அதற்கும் முன்னால், ஸ்டீராய்டு கலந்த களிம்பு, ஊசி, பெயரில்லாத பொடி எதுவும் உள்ளே போகவில்லை என்று தெரிந்து கொள்ள வேண்டும். இந்த உருவமாற்றத்துக்கு அவைதான் அடிக்கடி காரணம். கட்டிதான் என்று தெரிந்தபின், அந்த அம்மாள் தின்று தின்று பெருக்கவில்லை என்பதாவது வீட்டுக்காரருக்கு விளங்கும்.

இந்த இருவருக்கும் முதல் வைத்தியம் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. தலையைத் திறப்பதில்லை, மூக்குத் துவாரம் வழியாகவே போய் எடுத்து விடுகிறார்கள். கட்டி வெளியே வந்தாயிற்று, இனி என்ன என்று வீட்டார் நினைக்கிறார்கள். அதன் கதையின் பாதி இனிமேல்தான் தெரியப் போகிறது.

முன் காலத்தில், எடுத்த சதைக்குச் சாயம் போட்டுச் சிவப்பேறியது, நீலமேறியது, நிறமே ஏறாதது என்று மூன்றாகப் பிரித்தார்கள். அவ்வளவுதான். இப்போது அதை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு கனத்தில் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஒவ்வோர் எதிர்ப்பொருளை விடுகிறார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? அது போல, தேடின புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகிறது. இல்லாவிட்டால் வெறும் நீலமாகவே நிற்கிறது. இந்த முறை வந்ததும், நிறமேறாதவை என்று ஒதுக்கியவற்றில் பல புரோலாக்டின் கட்டிகள் என்று தெரிந்தது!

உண்மையிலேயே ஊமையான கட்டிகளும் உண்டு. ரத்தத்தில் எந்த ஹார்மோனையும் ஏற்றாமல், பார்வையைக் கெடுத்த பிறகே அகப்படுகிறவை. வாய் திறக்காவிட்டாலும் எந்த வீட்டுப் பிள்ளை என்று முகஜாடை காட்டிக் கொடுக்காதா? அணுவின் கருவுக்குள் இருக்கும் மூன்று புரதங்கள் அந்த ஜாடை. பிட்-1 இருந்தால் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இவற்றின் குடும்பம். டி-பிட் இருந்தால் ஏ.சி.டி.எச். குடும்பம். எஸ்.எஃப்.-1 இருந்தால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களின் குடும்பம். ஊமைக் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வீட்டுப் பிள்ளைகள், பொதுவாகச் சாதுக்கள். டி-பிட் வீட்டு ஊமை அப்படியல்ல. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, திரும்ப வளர்வதும் அதிகம். “ஒன்றும் சுரக்காத கட்டி” என்ற ஒரே வரியோடு வீட்டுக்கு அனுப்பினால், யார் அடுத்த வருஷம் படம் எடுத்துக் கொள்ள வேண்டும், யார் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது எப்படித் தெரியும்?

அக்ரோமெகாலிக் கட்டியில் இன்னும் இரண்டு அடையாளம் பார்க்கிறார்கள். நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டினின் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் அணுவுக்குள் வலையாகப் பரந்திருந்தால் ஒரு ரகம். சிறு உருண்டையாகச் சுருண்டிருந்தால் வேறு ரகம். உருண்டை ரகம் இளவயதில் வருவது, பெரிதாக வளர்வது, மாதாந்திர ஆக்ட்ரியோடைடு ஊசிக்குச் சரியாக மசியாதது. அந்த ஊசி மருந்து அணுவின் மேல் வந்து பற்றிக் கொள்ளும் கொக்கியும் ஒரு புரதமே. கொக்கி நிறைய இருந்தால் மருந்துக்குப் பிடி கிடைக்கும். விலையுயர்ந்த ஊசியைத் தொடங்கும் குடும்பத்துக்கு இது தெரிய வேண்டாமா?

கடைசியாக, கி-67. ஜெர்மனியில் கீல் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சித் தட்டின் 67-ஆம் குழியில் விளைந்த எதிர்ப்பொருள் என்பதால் இந்தப் பெயர்; 1983-ல் வெளியாயிற்று. பிரிந்து பெருகும் அணுக்களில் மட்டுமே இந்தப் புரதம் இருக்கும். நூற்றுக்கு எத்தனை அணு பழுப்பாயிற்று என்று எண்ணுகிறார்கள். 3-க்கு மேல் போனால் எச்சரிக்கை என்று 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புத்தகம் கோடு போட்டது. அந்தக் கோட்டை வைத்துப் பிரித்த தனி வகையை 2017-ல் அதே ஸ்தாபனம் கைவிட்டது. ஒரே எண்ணால் ஜாதகம் கணிக்க முடியவில்லை. கட்டி பக்கத்து எலும்புக்குள் புகுந்திருக்கிறதா, எந்தக் குடும்பம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் ‘4’ என்று கண்டு இரவெல்லாம் அழுவதற்கும் நியாயமில்லை. ‘1’ என்று கண்டு டாக்டர் பக்கமே போகாமலிருப்பதற்கும் நியாயமில்லை.

2022-ல் பெயரையும் மாற்றினார்கள். பழைய ‘அடினோமா’வுக்குப் பதிலாகப் ‘பிட்நெட்’ என்று ரிப்போர்ட்டில் இருக்கலாம். நோயாளிகளை வீணாகக் கலவரப்படுத்தும் என்று பல டாக்டர்களே இந்தப் பெயரை ஆட்சேபித்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. பெயர் புதிது, கட்டி பழையதுதான்.

இத்தனை சாயமும் எல்லா ஊரிலும் போடுவதில்லை. செலவும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது வருஷங்களுக்கு முன் இந்தக் கட்டியை எடுத்திருந்து, ரிப்போர்ட்டில் ஒரே வரி இருந்தால், பழைய கதை போயே போயிற்று என்று நினைக்க வேண்டாம். சதையைப் பதித்த மெழுகுக் கட்டியைப் பல ஆஸ்பத்திரிகள் நெடுங்காலம் அலமாரியில் வைத்திருக்கின்றன. கட்டி திரும்பி வந்தாலோ, மருந்து பிடிக்காமல் போனாலோ, அதை எழுதிக் கேட்டு வாங்கி, இன்னும் நாலு சீவல் சீவி, அப்போது பார்க்காத புரதத்தை இப்போது பார்க்கலாம். கேட்கும்போது அறுவைச் சிகிச்சை நடந்த தேதியும் ரிப்போர்ட்டின் மூலையில் இருக்கும் எண்ணும் வேண்டியிருக்கும். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியிலேயே அந்தக் காகிதத்தையும் வைத்துவிடுங்கள்.